கியர் வண்டியை விட்டு ஸ்கூட்டருக்கு மாறலாமா?

கேள்வி:
நாமக்கல்லில் சிறிய மளிகைக்கடை நடத்துகிறேன், வயது 52. 20 ஆண்டுகளாக 100 சிசி பைக்தான் ஓட்டி வருகிறேன். கடைத்தெரு நெரிசலில் கிளட்சைப் பிடித்துப் பிடித்து இடது மணிக்கட்டு வலி எடுத்துவிட்டதால், வீட்டில் ஸ்கூட்டர் வாங்கச் சொல்கிறார்கள். மாதம் ஒருமுறை மிளகு வாங்கக் கொல்லிமலைக்குப் போவதுதான் என்னைத் தயங்க வைக்கிறது.

பதில் 1:
தயங்காமல் மாறுங்கள், ஐயா. 1984இல் கைனடிக் ஹோண்டா என்ற கியரில்லாத ஸ்கூட்டர் வந்தபோது அதைப் 'பொம்பளை வண்டி' என்று கேலி செய்த என் தந்தையே இன்று ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. வேட்டியோடு காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம். 25 கிலோ அரிசி மூட்டையைக் காலடியில் நிறுத்திக்கொண்டு வரலாம். என்ன, பெட்ரோல் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும்.

பதில் 2:
பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் மலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பைக்கில் இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டரிலோ வேகம் நன்றாகக் குறைந்ததும் உள்ளிருக்கும் தானியங்கிக் கிளட்ச் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பிடிப்பை விட்டுவிடுவதால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் முழுச் சுமையும் பிரேக்கின் தலையில்தான் விழும். தொடர்ந்து அழுத்தினால் பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்புக் குறையும். எனவே விட்டுவிட்டுப் பிடியுங்கள், கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். மறந்தும் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டி இறங்காதீர்கள். சுமையோடு ஏறி இறங்கும் வண்டியில் எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் பெல்ட்டும் அதோடு சேர்ந்த ரோலரும் சீக்கிரம் தேயும் என்பதால், சர்வீசுக்கு விடும்போதெல்லாம் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 3:
உரிமத்தையும் கவனியுங்கள். கியர் வண்டிக்கான உரிமம் ஸ்கூட்டருக்கும் செல்லும். கியரில்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் எடுத்திருக்கும் நான் என் கணவரின் பைக்கை ஓட்ட முடியாது. ஆனால் அந்த பைக்கை ஓட்ட எனக்கு இதுவரை ஆசை வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. கடைக்கு ஸ்கூட்டர் வாங்கிக்கொள்கிறேன். பழைய பைக்கை விற்காமல் மலைக்கென்று வைத்துக்கொள்கிறேன். மலைப்பாதையில் மணிக்கட்டு வலித்ததாக நினைவில்லை.