ஜப்பான் திரித்துப்பாக்கி: அசல்தானா, எந்தக் காலம்? அவசரம்

நாகோயாவாசி:
வணக்கம். பழம்பொருள் சந்தையில் தனேகஷிமா என்கிற ஜப்பான் திரித்துப்பாக்கி ஒன்று வாங்கினேன். கட்டையில் பித்தளைப் பூவேலை, குழாய் எட்டுப்பட்டை. 1872ல் செய்தது என்றார் விற்றவர். குழாய்மேல் சின்னதாக எழுத்தும் இருக்கிறது. திரி பிடிக்கிற கொக்கியைத் தூக்கினால் நிற்காமல் விழுந்துவிடுகிறது. அசலா, போலியா? என்ன விலை பெறும்? திருப்பிக் கொடுக்க நாளைதான் கடைசி.

கருமருந்து:
மொத்த நீளம் என்ன? வாய் உள்விட்டம்? காந்தம் குழாயில் ஒட்டுகிறதா? குழாயின் அடிப்பக்கத்தில் பெயர் வெட்டியிருக்கிறதா?

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று. உள்ளே வெடிமருந்து கெட்டித்திருக்கிறதா என்று பாருங்கள். நூறாண்டு கழிந்தாலும் கருமருந்து பற்றும். மரக்குச்சியை வாய்வழியாக முட்டும்வரை விட்டு, வாயருகே அடையாளம் போடுங்கள். அதே குச்சியைக் குழாயின் வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். நுனி தீத்துளைவரை, அதாவது குழாயின் பக்கத்தில் தீ உள்ளே போகும் துளைவரை, எட்டினால் காலி. நாலைந்து விரல் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படியானால் மேற்கொண்டு கை வைக்க வேண்டாம்.

செம்பருத்தி:
பித்தளைப் பூ என்றாலே சகாய் ஊர் வேலை. குனிதோமோ ஊர்த் துப்பாக்கிக் கொல்லர்கள் அலங்காரம் பண்ணமாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு சகாய் என்று சொல்லலாம்.

இரும்படி:
கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அப்படித்தான் வரும். பத்து வருடமாக இதே பாடத்தை இங்கே எடுக்கிறேன்: முதலில் பெயர்வெட்டு, பிறகு பூட்டு (கொக்கியை இயக்கும் பொறி), கட்டை கடைசி. பூவேலைத் தகட்டை யார் வேண்டுமானாலும் பிற்பாடு அடிக்கலாம். மரத்தில் பள்ளம் வெட்டிச் சமமாகப் பதித்ததா, மேலே வைத்து ஆணி அடித்ததா என்று பார்க்கத் தெரியாதவர்கள் ஊர்ப்பெயர் சொல்லக் கூடாது.

கேள்வி கேட்டவருக்கு: பதிவுச்சீட்டு எங்கே? அதைச் சொல்லாமல் விலை கேட்கிறீர்கள்.

கருமருந்து:
சீட்டுதான் முக்கியம், சரி. 1958 சட்டப்படி ஜப்பானில் பழைய துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் மாகாணக் கல்வி வாரியம் கொடுத்த பதிவுச்சீட்டு இருக்க வேண்டும். வகை, நீளம், வாய் அளவு, பெயர்வெட்டு எல்லாம் அதில் இருக்கும். கைமாறினால் 20 நாளுக்குள், சீட்டுக் கொடுத்த மாகாணத்துக்கே எழுதித் தெரிவிக்க வேண்டும். சீட்டே இல்லையென்றால் வைத்திருப்பது குற்றம், உடனே போலீசில் சொல்லிவிடுங்கள்.

நாகோயாவாசி:
உள்ளே காலி. சீட்டு இருக்கிறது, வாசிக்கத் தெரியவில்லை. நீளம் 130 செ.மீ., வாய் 13 மி.மீ. குழாயில் காந்தம் ஒட்டுகிறது, பூட்டில் ஒட்டவில்லை. கட்டையைக் கழற்றுவது எப்படி?

கருமருந்து:
பூட்டு பித்தளை, அதில் ஒட்டாது. குழாயில் ஒட்டுவதால் அலங்காரத்துக்கு வார்க்கிற துத்தநாகப் பொம்மை இல்லை என்று ஆயிற்று.

குழாயைக் கட்டையோடு சேர்ப்பது மெகுகி என்கிற குறுக்கு ஆணிகள். மருந்து இடிக்கும் கோலை முதலில் உருவுங்கள். பிறகு ஆணியைவிட மெல்லிய மூங்கில் குச்சியை வைத்து, மரச்சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். ஒரு பக்கம் அசையாவிட்டால் மறுபக்கத்திலிருந்து தட்டிப் பாருங்கள். எந்த ஆணி எந்தத் துளை என்று குறித்து வையுங்கள். எல்லாம் வந்ததும் குழாயை நேர் மேலே தூக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் மருந்துக் கிண்ணம் உட்காரும் இடத்தில் மரம் பிளக்கும்.

அடிமுனைத் திருகு, அதாவது பிசென், அதைத் தொடவே கூடாது. துருவேறிய மரையைத் திருப்பினால் சதுரத் தலை முறுக்கி ஒடியும்.

நாகோயாவாசி:
கழற்றிவிட்டேன். அடியில் ஆறு எழுத்து. முதலாவது: இடப்பக்கம் மூன்று துளி, வலப்பக்கம் ரயில் தண்டவாளத்தை வெட்டிப் பார்த்த மாதிரி. இரண்டாவது: மூன்று நெடுங்கோடு, இடையிடையே புள்ளி. மூன்றாவது: சதுரப் பெட்டிக்குள் ஏதோ. நான்காவது சுலபமானது, நாலே கோடு. மீதி புரியவில்லை.

இரும்படி:
கோஷூ குனிதோமோ. கோஷூ என்றால் ஓமி நாடு, இன்றைய ஷிகா மாகாணம். பெட்டி எழுத்து 'குனி', நாலு கோடு 'தோமோ'. மீதி இரண்டும் கொல்லர் பெயர். சகாய் என்றவர் இப்போது என்ன சொல்கிறார்?

செம்பருத்தி:
குனிதோமோ பெயருக்கு மதிப்பு அதிகம், பொய்யாக வெட்டியவர்களும் உண்டு. வெட்டுக்குள் துரு சுற்றுப்பரப்பைப் போலவே கறுத்திருக்கிறதா, பளிச்சென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரும்படி:
இது நியாயமான கேள்வி. பாருங்கள்.

துவக்குக்காரன்:
1872 எண்டது செய்த ஆண்டு இல்லை. மேலே இருக்கிற சின்ன எழுத்து 'ஜின்ஷின்' எண்டுதான் இருக்கும். அது 1872ஆம் ஆண்டின்ர பெயர். அந்த வருசம் மெய்ஜி அரசு, அதாவது அப்பத்தைய ஜப்பான் அரசு, ஊரில இருந்த துவக்குகளைப் பதிஞ்சு, இலக்கமும் மாகாணப் பெயரும் வெட்டினது. துவக்கு அதுக்கு முந்தினது.

இன்னொண்டு: இந்த விசைப்பூட்டும் எங்கட சிங்களத் துவக்குப் பூட்டும் கோவாவில போர்த்துக்கீசர் செய்விச்ச பூட்டுக்குச் சொந்தம். சிங்களத் துவக்கில பூட்டு இடப்பக்கம், ஜப்பானில வலப்பக்கம், அவ்வளவுதான். 1543ல போர்த்துக்கீசரோட தனேகஷிமாத் தீவில வந்து இறங்கின துவக்கையும் ஐரோப்பியத் துவக்கு எண்டு சொல்லேலாது.

இரும்படி:
1543 என்பதே 1606ல் எழுதிய ஜப்பானியப் பதிவு சொல்வது. போர்த்துக்கீசியப் பதிவில் 1542. இழைக்குச் சம்பந்தமில்லாததை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்?

துவக்குக்காரன்:
பூட்டு எங்க இருந்து வந்தது எண்டு தெரிஞ்சாத்தானே அது ஏன் பழுதாகுது எண்டு விளங்கும்? இந்திய நாட்டுத் திரித்துப்பாக்கியில கொக்கியை விரலே இறக்கும். இதில வில் இறக்கும். கொக்கி நிக்காட்டி, பூட்டுத் தகட்டுத் துளையால வெளியில நீட்டுற பல்லைப் பாக்கவேணும். தேஞ்சிருக்கும், இல்லாட்டி அதைத் தள்ளுற உள்வில் தளர்ந்திருக்கும்.

கருமருந்து:
சரியான இடம். பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகிப் பல்லைப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெயில் தொட்ட துணியால் துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டுப் பாருங்கள். பல்லை அரம்போட்டுத் தேய்க்க வேண்டாம். வெறுமனே கொக்கியை ஏற்றி இறக்கி விளையாடவும் வேண்டாம், பித்தளை வில் ஒடிந்தால் பூட்டுக்கு மதிப்பே போகும். குழாய்த் துருவையும் உப்புத்தாள் போட்டு வெள்ளையாக்கிவிடாதீர்கள்.

வாய் 13 மி.மீ. என்றால் குண்டு சுமார் மூன்றரை மொம்மே. மொம்மே பழைய ஜப்பான் எடை, ஒன்று 3.75 கிராம், ஆக 13 கிராம் ஈயம். விலை நேரில் பார்த்தவர்தான் சொல்ல முடியும். பெயர்வெட்டு உண்மையா, பூட்டு முழுசா, பின்னாளில் தொப்பித் துப்பாக்கியாக (திரிக்குப் பதில், அடித்தால் பற்றும் சிறு உலோகத் தொப்பி போட்டுச் சுடுவது) மாற்றித் தீத்துளையை அடைத்திருக்கிறார்களா, இவைதான் விலையை ஏற்றி இறக்கும்.

நாகோயாவாசி:
வெட்டுக்குள்ளும் கறுப்புதான். துடைத்து எண்ணெய் விட்டதும் கொக்கி நிற்கிறது. கூட வேலை பார்ப்பவர் சீட்டை வாசித்தார், நீளம், வாய் அளவு, பெயர் மூன்றும் ஒத்துப்போகின்றன. திருப்பிக் கொடுக்கவில்லை. நன்றி.

செம்பருத்தி:
பித்தளைப் பூ பதித்ததா, ஆணி அடித்ததா? அதைச் சொல்லவே இல்லையே.

கருமருந்து:
கைமாறிய கடிதம் அனுப்பிவிட்டீர்களா? 20 நாள், வாங்கிய தேதியிலிருந்து.