மூலையில் ஃபயர்பிளேஸ், பக்கத்தில் டிவி: சோபாவை எங்கே போடுவது?

மார்க்கம், ஒன்டாரியோ

இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் ஃபேமிலி ரூம் மூலையில் 45 டிகிரி சாய்வாக கேஸ் ஃபயர்பிளேஸ் (குளிர்காயும் கணப்பு) வைத்துக் கட்டியிருக்கிறார்கள். குடிவருகிறவர்கள் சோபாவை வாங்கிவிட்டு அப்புறம்தான் டேப்பை எடுக்கிறார்கள். தயவுசெய்து முதலில் அந்த மூலை எவ்வளவு இடம் எடுக்கிறது என்று கணக்குப் போடுங்கள். முகப்பு 5 அடி அகலம் என்றால் இரண்டு பக்கச் சுவரிலும் தலா 3½ அடி போய்விடும். 12 அடிச் சுவரில் மிஞ்சுவது 8½ அடி. 55 இஞ்ச் டிவியின் அகலம் சுமார் 4 அடி, 65 இஞ்சுக்கு 4 அடி 9 இஞ்ச். ஆக, 5 அடி ஸ்டாண்டு அந்தச் சுவரில் தாராளமாக நிற்கும்.

டிவிக்கு அதுதான் இடம், ஃபயர்பிளேஸ் தலைக்கு மேலே அல்ல. சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் 42 இஞ்ச் உயரத்தில் இருக்கும். மேன்டில், அதாவது ஃபயர்பிளேஸுக்கு மேலே இருக்கும் தட்டு, 54 இஞ்ச் உயரம் என்று வையுங்கள். அதற்கு மேல் மாட்டிய 55 இஞ்ச் டிவியின் நடுப்பகுதி 72 இஞ்சுக்குப் போய்விடும். 8 அடி தள்ளி உட்கார்ந்தாலும் 17 டிகிரி அண்ணாந்து பார்க்கணும். அரை மணி நேரச் செய்திக்குத் தாங்கும், முழுப் படம் பார்த்தால் பிடரி வலிக்கும்.

சோபாவை டிவிச் சுவருக்கு நேர் எதிரே, இணையாகப் போடுங்கள். 55 இஞ்சுக்கு 5½ முதல் 7½ அடி, 65 இஞ்சுக்கு 6½ முதல் 8½ அடி தூரம் வசதி. 12 அடி அறையில் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் இந்தத் தூரம் கூடிவிடும். ஒரு அடி முன்னால் இழுத்தாலே சரியாகிவிடும். நெருப்பு ஓரப் பார்வையில் தானாக வரும்.

சோபாவையும் நெருப்பைப் பார்த்து மூலைக்கு மூலை சாய்த்துப் போடும் படங்கள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் 7 அடி சோபாவைச் சாய்த்தால் பின்னால் இரு சுவரிலும் 5 அடி, நடுவில் 3½ அடி ஆழத்துக்கு ஒரு முக்கோணம் வீணாகும். சின்ன அறைக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஸ்கார்பரோ, ஒன்டாரியோ

மார்க்கம் அக்கா சொன்னது நேர் செற்றிக்கு (சோபாவுக்கு) சரி. எல் வடிவச் செற்றி எண்டால் இன்னொரு விசயம் பாக்கவேணும். பக்கத்துக்கு நீளுற கை, நெருப்புக்கு எதிர்ப்பக்கத்தில வரவேணும். நெருப்புப் பக்கத்தில முதுகோட வந்தால் அது ஒரு சுவர் மாதிரி மறைச்சுப்போடும், சூடும் உங்களிட்ட வராது. முதுகில்லாமல் கால் நீட்டுற பகுதி மட்டும் எண்டால் அந்தப் பக்கம் வந்தாலும் பிழையில்லை. கடையில இடக்கை, வலக்கை எண்டு சொல்லுறது செற்றிக்கு முன்னால நிண்டு அதைப் பாக்கிறபோது வாற பக்கம். இருந்து கொண்டு யோசிச்சு ஓடர் குடுத்தால் மாறி வந்திடும்.

மிச்ச இடத்தில சுழல் கதிரை இரண்டு போடுங்கோ. ரீவிக்கும் திரும்பலாம், நெருப்புக்கும் திரும்பலாம். நெருப்புக்கு முன்னால இருக்கிற கண்ணாடியில இருந்து 3 அடி தள்ளித்தான் எதுவும். கிட்ட வைச்ச தோல் கதிரை காய்ஞ்சு வெடிக்கும்.

இன்னொண்டு, யன்னலுக்குக் கீழ நிலத்தில இருக்கிற வெப்பக் காத்துத் துவாரம். செற்றியை அதுக்கு மேல வைச்சால் சூடு முழுக்கச் செற்றிக்கு அடியிலயே நிண்டிடும். காத்தைத் திருப்பி விடுற பிளாஸ்டிக் மூடி வன்பொருள் கடையில கிடைக்கும். சுவரடியில இருக்கிற பெரிய கம்பித் துவாரம், காத்தை உறிஞ்சுறது, அதை மட்டும் மறைக்கவே கூடாது. சூட்டை அளக்கிற தெர்மோஸ்டாட் அதே அறையில இருந்தால் நெருப்பு எரியிற நேரம் வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸ் நிண்டுபோகும், மேல் மாடி அறையள் குளிர்ந்துபோகும். கதிரை எங்க வைச்சாலும் இது மாறாது, தெரிஞ்சிருக்கிறது நல்லது.

எடிசன், நியூ ஜெர்சி

டிவிக்குப் பக்கச் சுவரே இல்லாத வீடுகளும் இருக்கு. ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் கிச்சனுக்குத் திறப்பு. அங்கே மேன்டிலுக்கு மேலேதான் டிவி என்றால் ஆணி அடிக்கும் முன் ஒரு சோதனை: டிவி வரப்போகும் இடத்தில் தெர்மாமீட்டரை டேப் போட்டு ஒட்டி, நெருப்பை முழு அளவில் 2 மணி நேரம் எரிய விடுங்கள். பெரும்பாலான டிவிகளின் கையேட்டில் 40 டிகிரி செல்சியஸ்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அல்லது ஆழமான மேன்டில் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். தாண்டவில்லை என்றால் கீழே இழுத்து இறக்கும் பிராக்கெட் வாங்குங்கள், கழுத்துப் பிரச்சினை பாதி தீரும்.

சாய்வுச் சுவரில் துளை போடுவதில் மிகக் கவனம் வேண்டும். உள்ளே புகைக்குழாய் போகும், கேஸ் லைன் போகும். பக்கச் சுவரில் வழக்கமாக 16 இஞ்சுக்கு ஒரு ஸ்டட் (சுவருக்குள் நிற்கும் சட்டம்) கிடைக்கும். இந்தச் சாய்வுச் சட்டத்தில் அந்தக் கணக்கை நம்ப முடியாது. என்ன இருக்கிறது என்று தெரியாமல் துளைக்காதீர்கள், தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

விறகு எரிக்கும் ஃபயர்பிளேஸ் என்றால் பொறி தெறிக்கும். திறப்பின் பரப்பு 6 சதுர அடிக்குள் இருந்தால் முன்னால் 16 இஞ்ச், பக்கங்களில் 8 இஞ்ச் எரியாத தளம் வேண்டும் என்பது இங்கே கட்டட விதி. கார்ப்பெட் அதற்கு வெளியேதான் தொடங்க வேண்டும். கேஸ் ஃபயர்பிளேஸில் ஆபத்து சூடேறும் கண்ணாடிதான். 2015-க்கு முன் தயாரானவற்றில் தடுப்பு வலை இல்லாமலே இருக்கலாம். தவழும் குழந்தை இருந்தால் உடனே ஒன்று போடுங்கள். மேன்டிலில் சாமி படம் வைப்பவர்கள் பிளாஸ்டிக் மாலையைத் தொங்க விடாதீர்கள்.

மார்க்கம், ஒன்டாரியோ

எல்லாம் முடிவானதும் தரையில் மாஸ்கிங் டேப்பால் சோபா, ஸ்டாண்டு, நாற்காலி எல்லாவற்றின் உருவத்தையும் ஒட்டி இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். நடைவழி 30 இஞ்சுக்குக் குறையக் கூடாது, 36 இருந்தால் நல்லது. சோபாவுக்கும் காபி டேபிளுக்கும் நடுவே 16 இஞ்ச். கதவு திறக்கும் வளைவையும் டேப்பில் குறியுங்கள், சுழல் நாற்காலி அதில் இடிக்கிறது அடிக்கடி நடக்கும். ஜன்னல் டிவிக்கு நேர் எதிரே வந்தால் பகலில் திரை முழுக்க வெளிச்சம்தான் தெரியும். அப்போது மூலைக்கு மறுபக்கச் சுவருக்கு டிவியை மாற்றி, சோபாவையும் 90 டிகிரி திருப்பி, அந்தப் பக்கத்துக்கும் ஒருமுறை டேப் ஒட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.