ஷட்டருக்கும் பிளாஷுக்கும் சம்பந்தமே இல்லையாம்!

ஓம்விதி (காலை 10:12)
முகூர்த்தப் படங்களில் பாதி இருட்டாக வந்துவிட்டன என்று நேற்று இங்கே புதுவெளிச்சம் தம்பி புலம்பியிருந்தார். ரீல்ராசு அண்ணன் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார்: “ஷட்டர் வேகத்துக்கும் பிளாஷ் வெளிச்சத்துக்கும் சம்பந்தமே கிடையாது, வேற ஏதாவது பாரு.” படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. தம்பி வைத்திருந்தது: ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/250 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப்/4, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400, பிளாஷ் சக்தியை கேமராவே அளந்து தீர்மானிக்கும் டிடிஎல் முறை. பிளாஷ் தலை கூரையைப் பார்த்து. நாலு படம் பளிச், அடுத்த மூன்று இருட்டு. ஷட்டரை விசாரிக்காமலே விடுதலை செய்வது என்ன நியாயம்?

ரீல்ராசு (10:31)
வாத்தியார் வந்துட்டார். தம்பி, நான் பென்டாக்ஸ் கே1000 கேமராவில் 1/60 வைத்து, மெட்ஸ் 45 பிளாஷைத் தோளில் தொங்கவிட்டுக் கல்யாணம் எடுத்தவன். பிளாஷ் மின்னி அணைவது இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஷட்டர் 1/60 ஆனாலும் 1/200 ஆனாலும் அந்த மின்னல் முழுசாக உள்ளே வந்துவிடும். அதைக் கூட்டுவதும் குறைப்பதும் அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, தூரம், பிளாஷ் சக்தி. நாலே நாலு. அந்தப் பட்டியலில் ஷட்டர் கிடையாது. கிடையாது. கிடையாது.

ஓம்விதி (10:40)
அப்படியா! அதே கேமராவில் 1/500 வைத்து அடியுங்களேன் பார்ப்போம்.

ரீல்ராசு (10:44)
கறுப்புப் பட்டை விழும். குழந்தைக்கும் தெரியும். அது வேற விஷயம்.

ஓம்விதி (10:52)
வேற விஷயமா? “சம்பந்தமே கிடையாது” என்றது யார்? ஷட்டர் என்பது இரண்டு திரை; முன் திரை திறந்து முடிவதற்குள் பின் திரை மூட ஆரம்பித்துவிடுகிறது, அதனால்தான் பட்டை. இதைவிட நெருங்கிய சம்பந்தம் சம்பந்தி வீட்டில்கூட இருக்காது.

கோவைக்காரி (11:05)
ரெண்டு பேரும் முதல்ல ஒண்ணு சொல்லுங்க. “வெளிச்சம்”னு நீங்க சொல்றது முகத்துல விழுற பிளாஷையா, படம் மொத்தத்தையுமா? 1/60-க்கு இறக்கினால் பின்னால் இருக்கும் எல்இடி சுவரும் வீடியோக்காரர் விளக்கும் ஏறும். முகத்தில் பிளாஷ் அப்படியே இருக்கும். இதைப் பிரிக்காமல் சண்டை போட்டால் பொழுது சாய்ந்துவிடும்.

ரீல்ராசு (11:09)
மேடம், நான் பேசுவது பிளாஷைப் பற்றி. ஷட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. யாஷிகா மேட் 124 ஜி கேமராவில் 1/500 வைத்தே பிளாஷ் அடித்திருக்கிறேன், ஒரு பட்டையும் விழவில்லை.

ஓம்விதி (11:15)
அது லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இதழ் ஷட்டர். எந்த வேகத்திலும் ஒத்துப்போகும். மாட்டுவண்டியைக் காட்டி ரயில் தடம் புரளாது என்கிறீர்கள்.

சும்மாவந்தவன் (11:20)
‘பிளாஷ்’ தப்பு. ‘ஃபிளாஷ்’ என்று எழுத வேண்டும்.

ரீல்ராசு (11:22)
நான் மதுரைக்காரன். பிளாஷ்தான். ஆய்த எழுத்து போட்டால் கூடுதலாக மின்னுமா?

சும்மாவந்தவன் (11:23)
எஃப்/4-க்கு மட்டும் ஆய்தம் எதற்கு? அது மதுரையில் கிடைக்குமோ?

புதுவெளிச்சம் (11:40)
அண்ணே, வரும் வியாழக்கிழமை ரிசப்ஷன் இருக்கு, அதே மண்டபம். என்ன செய்யட்டும்?

ரீல்ராசு (11:48)
மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பெண்ணுக்கு முழுக்கச் சரிகை. டிடிஎல் முன்கூட்டி ஒரு சின்ன மின்னல் விட்டு அளக்கும். வெள்ளையும் ஜரிகையும் அதை ஏமாற்றிவிடும், “போதும் போதும்” என்று சக்தியைக் குறைக்கும். பிளாஷ் ஈடுகட்டலை (சக்தியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 வை. முடிந்தது கதை. ஷட்டரைத் தொடவே வேண்டாம்.

கோவைக்காரி (12:02)
வேட்டி ஏமாற்றியிருந்தால் ஏழு படமும் இருட்டாகத்தானே வந்திருக்கணும்? நாலு எப்படித் தப்பித்தது? கணக்குப் போட்டுப் பாருங்க. பிளாஷ் பெட்டியில் கைடு நம்பர் (பிளாஷின் பலம்; தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர் எண் வரும்) 60 என்று போட்டிருப்பது 200 மி.மீ. ஜூமில். 35-இல் அது 36 பக்கம்தான் தேறும். ஐஎஸ்ஓ 400-இல் இரட்டிப்பாகி 72. கூரை இருபது அடி, ஒளி ஏறி இறங்கும் தூரம் சுமார் 11 மீட்டர். 72-ஐ 11-ஆல் வகுத்தால் எஃப்/6.5. கூரை விழுங்குவது இரண்டு ஸ்டாப் (நாலில் மூன்று பங்கு ஒளி) என்று வைத்தாலும் எஃப்/4-க்கே மூச்சு முட்டும். அப்போ பிளாஷ் ஒவ்வொரு தடவையும் முழு சக்தியைக் கொட்டுது. கெட்டிமேளம் கொட்டும்போது நாம விடாமல் அமுக்குறோம். பிளாஷுக்குள்ள மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற மின்தேக்கி முழுசா நிறையும் முன்னாடியே தயார் விளக்கு எரிஞ்சுடும் நிறைய பிளாஷ்ல. தம்பி, என்ன செல் போட்டீங்க?

புதுவெளிச்சம் (12:06)
பென்சில் செல் அக்கா. மண்டப வாசல் கடையில வாங்கினது.

ஓம்விதி (12:15)
பார்த்தீர்களா, முழு சக்தி! நான் சொல்ல வந்ததே அதுதான். முழு சக்தியில் மின்னல் நீளம். நிக்கான் எஸ்பி-900 பிளாஷுக்கு முழு சக்தியில் 1/880 நொடி, 1/128 சக்தியில் 1/38500. ஒளியின் வால் முடிவதற்குள் 1/250-இல் பின் திரை கிளம்பிவிடும். ஆக, ஷட்டர் பிளாஷைத் தின்கிறது.

ரீல்ராசு (12:21)
1/880 பெரியதா, 1/250 பெரியதா? பள்ளிக்கூடத்தில் பின்னம் நடத்தியபோது வாத்தியார் எங்கே போயிருந்தார்?

ஓம்விதி (12:30)
1/880 என்பது உச்சத்தில் பாதிக்கு மேல் ஒளி இருக்கும் நேரம் மட்டும். வால் அதற்கப்புறமும் நீளும். 1/250-இல் திரை முழுசாகத் திறந்திருப்பதும் 1/250 நொடி அல்ல, அதைவிட ரொம்பக் குறைவு. இதெல்லாம் தெரியாமல்தான் போன வருஷம் எனக்கு பிளாஷைத் தள்ளி வைத்து அடிக்க உதவும் அந்த ரேடியோ டிரிகரை “புதுசு மாதிரி” என்று 800 ரூபாய்க்குத் தள்ளினீர்கள். மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் அடித்தது.

ரீல்ராசு (12:34)
கேமரா மேலே பிளாஷ் மாட்டும் ஷூவில் முழுசாகத் தள்ளி, பூட்டைத் திருப்ப வேண்டும். முள் தொடாமல் மாட்டிவிட்டு என்னைச் சொல்வதா? அந்தக் காசைத் திருப்பிக் கேட்கத்தான் இந்த விவாதமா?

ஓம்விதி (12:36)
கேட்டால் தருவீர்களா?

சும்மாவந்தவன் (12:37)
டிரிகர் இன்னும் இருக்கிறதா? 400-க்குத் தருவீர்களா?

புதுவெளிச்சம் (பிற்பகல் 3:10)
வீட்டுச் சுவரில் சோதித்துப் பார்த்தேன். மேனுவல், முழு சக்தி, விடாமல் பத்து படம். முதல் இரண்டு பளிச், அப்புறம் மங்கல். ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி விட்டு அடித்தால் எல்லாம் ஒரே மாதிரி. 1/60-இலும் அப்படித்தான், 1/250-இலும் அப்படித்தான். 1/250-இல் மட்டும் கீழ் ஓரம் கொஞ்சம் இருட்டு.

ரீல்ராசு (3:14)
1/60, 1/250, இரண்டும் ஒன்று! நான் காலையிலேயே சொன்னேன். சம்பந்தம் கிடையாது.

ஓம்விதி (3:15)
கீழ் ஓரம் இருட்டு! நான் காலையிலேயே சொன்னேன். பிம்பம் தலைகீழ், பின் திரை முதலில் மறைப்பது படத்தின் கீழ்ப்பக்கத்தை.

ரீல்ராசு (3:19)
கீழே சோபா நிழல் விழுந்திருக்கும்.

கோவைக்காரி (3:25)
தம்பி, அவங்களை விடுங்க. சார்ஜ் ஏத்துற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் எட்டு வாங்குங்க, நாலு பிளாஷ்ல, நாலு பையில. ஐஎஸ்ஓ 1600 வைங்க, பிளாஷ் பாதிக்கும் குறைஞ்ச சக்தியிலேயே சமாளிக்கும். விளக்கு எரிஞ்சதும் ரெண்டு எண்ணிட்டு அமுக்குங்க.

ரீல்ராசு (3:31)
ஐஎஸ்ஓ 1600-ஆ? புள்ளி புள்ளியாக வரும். நான் 100 ஃபிலிமில் ஆல்பம் போட்டவன்.

சும்மாவந்தவன் (3:32)
‘ஃபிலிம்’! மதுரைக்காரர் ஆய்தம் போட்டுவிட்டார்!

புதுவெளிச்சம் (3:40)
சோபா மேல் மாடியில இருக்கு அண்ணே. நான் அடிச்சது கார் நிறுத்துற இடத்துல.

ரீல்ராசு (3:44)
அப்ப கார் நிழல்.