1/35 அளவு வீரர் உருவங்கள் படைச் சீருடையின் மாற்றங்களுக்கு ஈடுகொடுக்கின்றனவா?

கேள்வி: புழுதிச்சாலை

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். 2007-ஆம் ஆண்டுக் கோடையில் ஈராக்கின் பகூபா நகரில் அமெரிக்கத் தரைப்படையினர் வீடு வீடாகத் தேடுதல் நடத்திய காட்சியை 1/35 அளவில் ஒரு டயோராமாவாக (சிறு உருவங்களால் அமைக்கும் மாதிரிக் காட்சியாக) செய்து வருகிறேன். ஸ்டிரைக்கர் கவச வண்டியை, அதைச் சுற்றியுள்ள கம்பிச் சட்டக் கவசத்தோடு முடித்து, புழுதியும் ஏற்றிவிட்டேன். இனி அதன் பின்கதவிலிருந்து இறங்கும் நான்கு வீரர்களை நிறுத்த வேண்டும். இங்கேதான் வேலை நின்றுபோயிருக்கிறது.

பெட்டியின் மேல் 'நவீன அமெரிக்கக் காலாட்படை' என்று அச்சிட்டிருந்ததை நம்பி ஒரு தொகுதியை வாங்கினேன். பிரித்துப் பார்த்தபோது, நெற்றியின் மேல் விளிம்பு நீண்ட 1980-களின் பாஸ்கெட் (PASGT) எனப்படும் தலைக்கவசமும், இடுப்பு வாரில் தொங்கும் பழைய தோட்டாப் பைகளும் இருந்தன. இரண்டாவதாக வாங்கிய தொகுதி 2003 படையெடுப்புக் காலத்தது. அதன் தலைக்கவசமும் உடற்கவசமும் எனக்கு ஏறக்குறையப் பொருந்துகின்றன; உடையோ மூன்று நிறப் பாலைவனச் சீருடைக்காக வடித்தது. நார்மண்டி 1944 என்று கேட்டால் எந்தப் படைப்பிரிவுக்கும் உருவம் கிடைக்கிறது. நம் கண்முன்னே நடந்து முடிந்த ஒரு போருக்கு ஏன் இவ்வளவு தேட வேண்டியிருக்கிறது? இரண்டாவது தொகுதியை வண்ணத்தால் மட்டுமே 2007-க்குக் கொண்டுவர முடியுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஐம்பது மில்லிமீட்டர்

வணக்கம். இந்தத் தேடலில் நானும் பல ஆண்டுகள் செலவிட்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெரிய நிறுவனங்கள் உருவங்களை வார்ப்பது எஃகு அச்சில். அந்த அச்சை வெட்டும் செலவு பெரிது. அதை ஈடுகட்ட ஒரே தொகுதி பல ஆண்டுகள் விற்றாக வேண்டும். 1944-இன் சீருடை இனி மாறப்போவதில்லை என்பதால் அதற்குப் போடும் முதல் பாதுகாப்பானது. அமெரிக்கத் தரைப்படையின் உடையோ இந்த நூற்றாண்டில் நிலைகொள்ளவே இல்லை. 2003-இல் பாலைவன நிறத்தில் போனவர்கள் 2005 முதல் சாம்பல் பச்சைப் புள்ளிகள் கொண்ட ஏ.சி.யூ. உடைக்கு மாறினார்கள். ஆப்கானிஸ்தானில் அந்த நிறம் மண்ணோடு ஒட்டவில்லை என்பதால் 2010-இல் அங்கே மல்டிகேம் என்ற வேறொரு உருமறைப்பு உடை வந்தது. 2015 ஜூலையில் புதிய உருமறைப்பு வடிவம் கொண்ட உடை படை முழுவதற்கும் விற்பனைக்கு வந்து, 2019 செப்டம்பர் 30-உடன் சாம்பல் உடை முற்றிலும் விலக்கப்பட்டது. ஒரு நிறுவனம் புகைப்படம் சேர்த்து, உருவம் வடித்து, அச்சு வெட்டி, பெட்டியைக் கடைக்கு அனுப்பும்போது அந்த உடை பாதி வாழ்நாளைக் கடந்திருக்கும்.

ஆனாலும் தாமதத்தை நான் பெரிய குறையாக எண்ணவில்லை. நமக்கு வேண்டியது கடந்துபோன ஒரு குறிப்பிட்ட ஆண்டுதான். 'நவீன' என்ற சொல்லை ஆண்டு குறிப்பிடாமல் பெட்டியின் மேல் அச்சிடுவதுதான் உண்மையான குறை. 1980-களில் வடித்த உருவம் அன்றைக்கு நவீனம். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பெயரில் விற்பதால்தான் உங்களைப் போன்றவர்கள் ஏமாறுகிறார்கள். ஆகவே பெட்டிப் படத்தைப் பார்க்காமல், உள்ளே பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள். தலைக்கவசத்திற்கு நெற்றி விளிம்பு உண்டா, இல்லையா என்பதைக் கொண்டே காலத்தை ஓரளவு கணித்துவிடலாம்.

உங்கள் இரண்டாவது தொகுதியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வண்ணம் மட்டும் போதாது. நிறத்தைத் தூரிகை மாற்றிவிடும், வெட்டும் தையலும்தான் காட்டிக்கொடுக்கும். உடற்கவசம் மார்பையும் இடுப்பையும் மூடிவிடுவதால், பழைய மேலுடையின் கீழ்ப் பைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். கவசத்திற்கு வெளியே தெரிபவற்றில் கவனிக்க வேண்டியவை மேற்கை, கழுத்துப்பட்டை, முழங்காலுக்குக் கீழுள்ள கால், காலணி ஆகியவையே. பாலைவனச் சீருடையின் மேற்கையில் பை கிடையாது, ஏ.சி.யூ.-வில் சாய்வாகத் தைத்த பை உண்டு. 0.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் ஒரு சிறு செவ்வகத்தை வெட்டி, மேல்விளிம்பு முன்பக்கம் சாயுமாறு ஒட்டி, அதன்மேல் மூடியாக இன்னொரு துண்டை வையுங்கள். கெண்டைக்காலின் வெளிப்புறத்திலும் அவ்வாறே ஒரு சிறு பை. கழுத்துப்பட்டையை எப்பாக்சி புட்டியால் நிமிர்த்திவிட்டால் முக்கால் பங்கு வேலை முடிந்தது. தோளையும் அக்குளையும் மூடும் கூடுதல் கவசத்தை 2007-இல் பலர் அணிந்திருந்தார்கள். நால்வரில் இருவருக்கேனும் அதையும் புட்டியில் செய்துவிடுங்கள்.

மறுமொழி: மூன்று சுழியத் தூரிகை

மேலே நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வண்ணம் பூசுவதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

சாம்பல் ஏ.சி.யூ. உடையில் மணல் நிறம், நகரச் சாம்பல், இலைப் பச்சை ஆகிய மூன்றே நிறங்கள் உண்டு, கறுப்பு இல்லை. புள்ளி புள்ளியாக வரைவதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். நாம் ஒரு 1/35 உருவத்தை 30 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பது, உண்மையான வீரரைப் பத்தரை மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் கட்டங்கள் கரைந்து, வெளிறிய சாம்பல் பச்சையாகத்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த உடையின் மீது படையினரே வைத்த குற்றச்சாட்டும் இதுதான்.

நான் மணல் கலந்த வெளிர் சாம்பலை அடிப்படையாகப் பூசி, உலர்ந்தபின் இலைப் பச்சையை நன்றாகத் தண்ணீர்விட்டு நீர்த்து, கிடைவாக்கில் சிறு சிறு கோடுகளாக இடுவேன். ஒரு கோட்டின் நீளம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்தக் கோடுகளின் ஓரங்களை மறுபடியும் மணல் நிறத்தால் தொட்டுத் தொட்டு உடைத்துவிட்டால், கட்டங்கள் இருப்பதுபோன்ற உணர்வு தானாக வந்துவிடும். இந்த வடிவம் அச்சிட்ட டெக்கால் தாள்களும் (நனைத்து ஒட்டும் மெல்லிய படங்கள்) கிடைக்கின்றன. பை மூடிக்கும் தலைக்கவச உறையின் மேற்புறத்துக்கும் அவை நன்றாக இருக்கும். முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும் டெக்காலை மென்மையாக்கும் இளக்கித் திரவத்தை எவ்வளவு தடவினாலும் சுருக்கம் விழுகிறது என்பது என் அனுபவம்.

உடற்கவசத்தின் வார்களை மறக்காதீர்கள். அசலில் 25 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டை உங்கள் உருவத்தில் 0.7 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே மெல்லிய நிழல் கோடு விழுந்தால்தான் கவசம் துணியாகத் தெரியும்; இல்லாவிட்டால் வரி போட்ட பலகை மாதிரி இருக்கும்.

மறுமொழி: பிசின்வார்ப்பு

ஐம்பது மில்லிமீட்டர் அவர்கள் எழுதியது எஃகு அச்சுக்குப் பொருந்தும். இன்றைய நிலைமையை அது முழுமையாகக் காட்டவில்லை என்று பணிவுடன் சொல்ல விரும்புகிறேன். கணினியில் உருவத்தை வடித்து, சிலிக்கோன் அச்சில் பிசினை வார்த்தோ, முப்பரிமாண அச்சுப்பொறியில் நேரடியாக அச்சிட்டோ விற்கும் சிறு பட்டறைகள் இந்த இடைவெளியைப் பெரிதும் குறைத்துவிட்டன. வீட்டு அச்சுப்பொறியே 0.05 மில்லிமீட்டர் அடுக்குகளில் அச்சிடுகிறது. இரவுப் பார்வைக் கருவியின் கொக்கிகூட முழுதாக வந்துவிடும். ஒரு தலைக்கவசம் மாறினால் கோப்பில் அந்தத் தலையை மட்டும் மாற்றினால் போதும்.

பெரிய நிறுவனங்களும் எப்போதும் பின்தங்குவதில்லை. கீவ் நகரின் ஐ.சி.எம். நிறுவனம், 2022-இல் தொடங்கிய போர் நடந்துகொண்டிருக்கும்போதே உக்ரைன் படையினரின் உருவங்களை வெளியிட்டது. தம் வீதியில் நிற்கும் வீரரைப் பார்த்து வடிப்பவருக்கு ஆவணம் தேடும் சிக்கல் இல்லை. அந்தப் போரில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒத்த உடையில் நின்றதால் கையில் சுற்றிய நிறப்பட்டைதான் அடையாளம். உக்ரைன் தரப்பில் மஞ்சள், நீலம், பச்சை என்று அதன் நிறமும் மாறிக்கொண்டே வந்தது. அங்கே உருவத்தின் காலத்தைச் சொல்வது வெட்டும் தையலும் அல்ல, ஒரு துண்டுப் பட்டையின் நிறம். ஆகவே நிறத்தைத் தூரிகை பார்த்துக்கொள்ளும் என்று எளிதாக விட்டுவிட முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2003 படையெடுப்பின் புகைப்படங்களைப் பாருங்கள்: பாலைவன நிற உடையின் மேல் காட்டுப் பச்சை நிற உடற்கவசம் அணிந்தவர்கள் ஏராளம். பாலைவன நிறக் கவச உறைகள் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. அந்த உண்மையை அறியாமல், கவசத்தையும் மணல் நிறத்தில் பூசி 'திருத்திய' உருவங்களைக் கண்காட்சிகளில் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். படையில் சீருடை மாறுவது ஒரே நாளில் நடப்பதில்லை. மாற்றக் காலத்தின் கலப்பைத் துணிந்து காட்டும் உருவமே என் கண்ணுக்கு மிகவும் நம்பகமானது.

மறுமொழி: ஐம்பது மில்லிமீட்டர்

கைப்பட்டையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்த இடத்தில் என் கூற்றைத் திருத்திக்கொள்கிறேன். பிசின் உருவங்களைப் பற்றி ஒரு மனக்குறை உண்டு. புகைப்படத்தில் பார்த்த கருவிகளையெல்லாம் ஒரே வீரரின் மேல் மாட்டிவிடுகிறார்கள். சிறப்புப் படையினரின் காது திறந்த தலைக்கவசத்தைச் சாதாரணக் காலாட்படை வீரருக்கு 2007-இல் கொடுப்பது, பழைய பாஸ்கெட்டைக் கொடுப்பதைவிடக் குறைந்த பிழை அல்ல. காலத்தை முந்துவதும் ஒத்துப்போகாமைதான்.

கேள்வி கேட்டவர்: புழுதிச்சாலை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டாவது தொகுதியையே வைத்துக்கொண்டு, தலைகளுக்கு மட்டும் பிசின் மாற்றுத் தலைகள் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். நேற்றிரவு முதல் உருவத்தின் மேற்கையில் சாய்ந்த பையை ஒட்டிப் பார்த்தேன். அந்த ஒரு சிறு செவ்வகம் விழுந்ததும் உருவம் நான்கு ஆண்டுகள் முன்னே நகர்ந்துவிட்டது. கடைசியாக ஒரு ஐயம்: கொடிச் சின்னம் எந்தக் கையில், எந்தப் பக்கம் நோக்கி இருக்க வேண்டும்?

மறுமொழி: மூன்று சுழியத் தூரிகை

வலது தோளில். விண்மீன்கள் உள்ள பகுதி வீரரின் முன்பக்கம் நோக்கி இருக்க வேண்டும். ஆகவே வலக்கையில் கொடி திருப்பிப் போட்டதுபோலத் தெரியும். இடது தோளில் படைப்பிரிவின் சின்னம் வரும். பகூபாவில் இருந்த ஸ்டிரைக்கர் படையணி இரண்டாம் காலாட்படை டிவிஷனைச் சேர்ந்தது என்பதால், விண்மீனுக்குள் பூர்வகுடித் தலைவரின் முகம் உள்ள சின்னத்தை மங்கிய நிறத்தில் இடுங்கள். டெக்காலை வைத்தபின் மேலே ஒரு கை மேட் வார்னிஷ் அடித்துவிட்டு, அதன் பிறகு புழுதி ஏற்றுங்கள்.