வாப்பாவுக்கு வந்தது மாட்டு நோயா? பசுக்களை விற்கச் சொல்கிறார்கள்

கீழக்கரை மகள்:
என் வாப்பா போன மாதம் மௌத்தானார். வயது 64. சங்கு குளித்தவர், கண்ணை மூடிக்கொண்டே முடிச்சுப் போடுவார். ஆடியில் ஒருநாள் கயிறும் கையுமாகத் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், முடிச்சு வரவில்லை. அப்புறம் நடை தள்ளாடியது. கதவைச் சாத்தினால்கூட உடம்பு தூக்கிப் போடும். நாலே மாதம்தான். மதுரை டாக்டர் 'ஸ்போராடிக் சி.ஜே.டி.' (கிராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் என்ற மூளை நோய்) என்று எழுதினார். மூளை கடல்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடுமாம்.

யாரோ போனில் பார்த்துவிட்டு 'மாட்டு நோய்' என்று சொல்ல, தெருவில் ஐந்து வீடுகள் பாலை நிறுத்திவிட்டன. இரண்டு பசுவையும் விற்றுவிடு என்கிறார் மாமா. மய்யித்தைக் குளிப்பாட்டிய மச்சானும் பயந்துபோய்க் கிடக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கால்நடை மருத்துவர், பரமக்குடி:
விற்காதீர்கள், அம்மா. அவர்கள் சொல்லும் மாட்டு நோய், அதாவது பைத்திய மாட்டு நோய் (மேட் கவ்), 1986-ல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. செத்த ஆடுமாடுகளின் இறைச்சியையும் எலும்பையும் மாவாக்கி மாட்டுக்கே தீனியாகப் போட்டார்கள், அதில்தான் பரவியது. 1988-ல் தடை வந்தும், மொத்தம் 1,80,000-க்கு மேற்பட்ட மாடுகளுக்கு வந்துவிட்டது. உங்கள் பசு தின்பது வைக்கோலும் தவிடும் கடலைப் புண்ணாக்கும். பால் வழியாக மனிதருக்குப் பரவியதாகச் சான்றே இல்லை.

மண்டபம் தம்பி:
சார், கொதிக்க வைத்தாலும் அந்தக் கிருமி சாகாதாமே?

கால்நடை மருத்துவர், பரமக்குடி:
அது கிருமியே இல்லை தம்பி, பிரியான் என்ற புரதம். சமையல் சூட்டுக்கு அழியாது என்பது உண்மைதான். ஆனால் நோயுள்ள மாட்டின் மூளையிலும் தண்டுவடத்திலும்தான் அது அதிகம்.

தொண்டிக்காரி, இங்கிலாந்தில் நர்ஸ்:
தங்கச்சி, பெயர் ஒன்றுபோல இருப்பதால் வந்த குழப்பம் இது. மாட்டிலிருந்து வருவது 'வேரியன்ட்' சி.ஜே.டி. 1996 மார்ச்சில்தான் இங்குள்ள அரசாங்கம் அந்தத் தொடர்பை ஒப்புக்கொண்டது. இங்கே 178 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும். வாப்பாவுக்கு வந்தது வேறு. மூளையில் எல்லோருக்கும் இருக்கும் அந்தப் புரதம் தானாகவே கோணிக்கொண்டு, பக்கத்தில் இருப்பதையும் கோண வைக்கும். மாட்டு நோய் எட்டிப் பார்க்காத நாடுகளிலும் வருடத்துக்குப் பத்து லட்சத்தில் ஒருவர், இருவருக்கு வருகிறது. வாப்பா சாப்பிட்டது எதுவும் காரணமில்லை. தொட்டால் ஒட்டாது, குளிப்பாட்டியவர் பயப்படவே வேண்டாம்.

கீழக்கரை மகள்:
மச்சானுக்குப் படித்துக் காட்டினேன் லாத்தா, இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார். உங்கள் இருவர் பதிலையும் பிரின்ட் எடுத்து அந்த ஐந்து வீட்டுக்கும் கொடுக்கலாமா?