ரியாலிட்டி ஷோ பார்த்துக் கடை நடத்தலாமா?

சேலம்முறுக்கு:
நானும் வீட்டம்மாவும் மூன்று வருடமாக வீட்டிலேயே முறுக்கு, தட்டுவடை போட்டு விற்கிறோம். போன வாரம் சிறுதொழில் மார்க்கெட்டிங் என்று ஒரு இலவச வகுப்புக்குப் போயிருந்தேன், பேசியவர் இரண்டு மணி நேரமும் பிக் பாஸையே உதாரணமாக வைத்து, சரக்கெல்லாம் அப்புறம், முதலில் ஆளை விற்க வேண்டும் என்றார். யோசித்தால் சரியாகத்தான் படுகிறது. 2017 முதல் சீசனில் ஓவியா பாதியிலேயே வெளியே வந்துவிட்டார், ஜெயித்தது ஆரவ், ஆனால் அந்த சீசன் என்றாலே யார் ஞாபகம் வருகிறது? அதனால் இனிமேல் முறுக்கைக் காட்டுவதைக் குறைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் வைத்துத் தினம் ஒரு ரீல்ஸ் போடலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

பழையகணக்கு:
தம்பி, ஒரே ஒரு கேள்வி. ஓவியாவுக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆளுக்கு எவ்வளவு செலவு செய்தார்கள்? அந்த சீசனில் கூகுளில் போய்த் தட்டினால் ஓட்டு, மிஸ்டு கால் கொடுத்தால் ஓட்டு. உன் முறுக்கு பாக்கெட் சும்மாவா வருகிறது? பிடித்திருக்கிறது என்று சொல்கிறவன் வேறு, பையில் கைவிட்டுக் காசை எடுக்கிறவன் வேறு. அப்புறம், அந்த வீட்டில் நாள் முழுக்க கேமரா ஓடுகிறது, நாம் பார்ப்பது அதில் வெட்டி ஒட்டிய ஒன்றரை மணி நேரம். உனக்கு எடிட்டர் யார்? முறுக்கு பிழிகிற கையோடு வீட்டம்மா போனையும் பிடிக்க வேண்டுமா?

மிளகாய்ப்பொடி:
பழையகணக்கு அண்ணா எப்போதும் போல முதல் பந்திலேயே அவுட் கொடுக்கிறார். பிக் பாஸ் சண்டையை விடுங்கள், குக் வித் கோமாளியைப் பாருங்கள். சமையல் போட்டி, அப்போது தாமு சாரும் வெங்கடேஷ் பட் சாரும் நடுவர்களாக இருந்தார்கள், ஆனால் இரண்டாவது சீசனை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தது சாப்பாட்டுக்காகவா? கோமாளிகளாக வந்த புகழ், சிவாங்கி இரண்டு பேருக்காகவும்தானே. அதே சிவாங்கி நாலாவது சீசனில் குக்காகவே வந்து நின்றபோது, இந்தப் பெண்ணுக்கு முன்பு வெங்காயம் நறுக்கவே வராதே என்று எங்கள் அம்மா பெருமையாகப் பார்த்தார்கள், ஏதோ பெற்ற பெண் மாதிரி. ஆள் பழகிவிட்டால் வாடிக்கையாளர் தவறையும் பொறுத்துக்கொள்வார், நம் கண் முன்னால் வளர்கிறவரை விடமாட்டார். மதுரையில் என் மசாலாப்பொடிக் கடையிலும் இதுதான். நான் கல்லாவில் இல்லாத நாள் வியாபாரம் பாதி.

பழையகணக்கு:
அம்மா, உங்கள் கடைக்கு வருகிறவர்கள் உங்களை நேரில் பார்க்கிறார்கள், நீங்கள் அவர்கள் வீட்டு விசேஷத்தை விசாரிக்கிறீர்கள். அது டிவி வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற வியாபாரம், அதற்கு எதற்குக் கோமாளி?

நான் பட்டதைச் சொல்கிறேன். டிபன் கடை வைத்திருந்தபோது ஒரு சாப்பாட்டு வீடியோக்காரர் வந்தார், பெயர் வேண்டாம், காசும் கொடுத்தேன். வீடியோ சனிக்கிழமை வந்தது. ஞாயிறு காலை ஏழரைக்கு வாசலில் அறுபது எழுபது பேர், பாதிப் பேர் கையில் போன். எட்டரைக்கு மாவு காலி. எட்டு வருடமாகத் தினமும் எட்டே முக்காலுக்கு வந்து இரண்டு இட்லி ஒரு வடை சாப்பிடுகிற வாத்தியார் ஒருவர் வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எதிர்க்கடைக்குப் போனார். அடுத்த மாதம் அந்த அறுபது பேரும் இல்லை, வாத்தியாரும் இல்லை. பிக் பாஸ் நூறு நாளில் முடிந்துவிடும், கூட்டம் கலைந்தால் சேனலுக்கு நஷ்டமில்லை, அடுத்த சீசனுக்கு வேறு ஆளைப் பிடிப்பார்கள்.

நுரை:
நீங்கள் இரண்டு பேரும் தப்பான ஷோவைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறீர்கள். பொருளை விற்க வருகிற ஷோவைப் பாருங்கள். தொழில் செய்கிறவர்கள் பணக்காரர்கள் முன்னால் நின்று முதலீடு கேட்கிற அமெரிக்க ஷோ ஷார்க் டேங்க். அதில் 2012-இல் ஆரன் க்ராஸ் என்பவர் ஒரு பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சோடு வந்தார், பெயர் ஸ்க்ரப் டாடி. சிரித்த முகம் மாதிரி இருக்கும். கண் ஓட்டையில் விரலை விட்டுப் பிடிக்கலாம், வாய்க்குள் கரண்டியைச் செருகி இரண்டு பக்கமும் ஒரே இழுப்பில் தேய்க்கலாம். ஆனால் விற்றது சிரிப்பு இல்லை. குளிர்ந்த தண்ணீரில் போட்டால் கெட்டியாகிறது, வெந்நீரில் போட்டால் மெத்தென்று ஆகிறது, அதை எல்லார் கண் முன்னாலும் செய்து காட்டினார். அங்கே முதலீடு செய்ய உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரான லோரி க்ரைனர் 20 சதவீதப் பங்குக்கு 2 லட்சம் டாலர் கொடுத்தார். தன் சோகக்கதையை வைத்து அழுதிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

மிளகாய்ப்பொடி:
அந்த ஸ்பாஞ்சுக்கு ஏன் முகம் வைத்தார்கள் நுரை? சும்மா வட்டமாக விட்டிருக்கலாமே!

பழையகணக்கு:
அம்மா கேட்டது நியாயம். ஆனால் நுரை ஒன்றை விட்டுவிட்டார். க்ராஸ் அந்த ஷோவுக்கு வருவதற்கு முன்பே டிவி ஷாப்பிங் சேனலில் அதே வித்தையைக் காட்டி விற்றுக்கொண்டிருந்தவர். அதற்கும் முன்னால் அந்த ஸ்பாஞ்ச் யாருக்கும் வேண்டாமென்று வருடக்கணக்கில் அட்டைப்பெட்டியில் கிடந்தது. ஒரே இரவில் வந்த அதிர்ஷ்டம் என்று யாரும் ரீல் விடாதீர்கள்.

நுரை:
அதிர்ஷ்டம் என்று நான் சொல்லவே இல்லையே அண்ணா, நீங்கள் என் பக்கம்தான் பேசுகிறீர்கள். இன்னொன்று, 2004-இல் வந்த தி அப்ரண்டிஸ் என்கிற அமெரிக்க வியாபாரப் போட்டி ஷோவின் முதல் எபிசோடில் நியூயார்க் தெருவில் லெமனேட் விற்கச் சொன்னார்கள். ஆண்கள் அணி மீன் மார்க்கெட் பக்கம் போய்க் கடை போட்டது, அந்த வாடையில் யார் குடிப்பார்? ஒருவர் ஒரே கிளாஸை ஆயிரம் டாலருக்கு விற்கிறேன் என்று ஆள் ஆளாகத் துரத்தினார். பெண்கள் அணி சுலபமாக ஜெயித்தது.

மிளகாய்ப்பொடி:
எப்படி ஜெயித்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். லெமனேடோடு கன்னத்தில் ஒரு முத்தம், போன் நம்பர். ஆளை விற்றார்கள். நான் சொன்னதை மோசமான வழியில் செய்தார்கள், அவ்வளவுதான். என் கல்லாவில் அதெல்லாம் கிடையாது.

பழையகணக்கு:
அதுவும் ஒரு நாள் விற்பனை. மறுநாள் அதே தெருவில் அதே ஆளிடம் விற்க வேண்டியதில்லை. சேலத்தில் தம்பிக்கு அந்த வசதி இல்லை.

சேலம்முறுக்கு:
எல்லாவற்றையும் வீட்டம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "என் மூஞ்சியைப் போடாதே, முறுக்கைப் போடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். எங்கள் சரக்கில் காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது, எண்ணெய் குடிக்காது. போட்டு பத்து நாள் ஆன முறுக்கைப் பேப்பரில் வைத்து அழுத்தினாலும் கறை லேசாகத்தான் இருக்கும். பக்கத்தில் வேறு கடை முறுக்கையும் வைத்துக் காட்டினால் நுரை சொன்ன வெந்நீர் வித்தை மாதிரி இருக்காதா?

மிளகாய்ப்பொடி:
செய்யுங்கள் தம்பி. அழுத்துகிற கை உங்கள் வீட்டம்மா கையாக இருக்கட்டும், வளையல் தெரியட்டும். முகம் வேண்டாம் என்றால் வேண்டாம்.

பழையகணக்கு:
அடுத்த கடை சரக்கை வைக்காதே, வம்பு. ரீல்ஸோடு விடாதே, வாங்க வருகிறவர் முன்னால் மேசையில் வைத்து அழுத்து. நியூஸ் பேப்பரும் வேண்டாம், மை ஒட்டும், வெள்ளை டிஷ்யூ வாங்கிக்கொள். அப்புறம் எனக்கு இரண்டு பாக்கெட் அனுப்பு, கூரியர் செலவோடு எவ்வளவு என்று தனியாகச் சொல், போட்டுவிடுகிறேன். பத்து நாள் வைத்திருந்து நானே அழுத்திப் பார்க்கிறேன்.