ஸ்பூலருக்குத் தமிழில் என்ன சொல்வது?

வணக்கம். கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடியில், தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணினி அடிப்படை சொல்லித் தருகிறேன். விண்டோஸ் 10-க்கு 24 பக்கக் கையேடு எழுதி வருகிறேன். மூன்று வாரமாக ஒரே சொல்லில் நிற்கிறது: 'பிரிண்ட் ஸ்பூலர்'.

நூற்பாலையில் ஸ்பூலர் என்றால், சின்னக் குச்சிகளில் இருக்கும் நூலைப் பெரிய உருளைக்கு மாற்றிச் சுற்றும் இயந்திரம். கணினியிலோ, அச்சுக்குப் போகும் கோப்புகளை வட்டில் சேர்த்து வைத்து, அச்சுப்பொறியின் வேகத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றாக விடும் சேவை. பிறகு வேண்டும்போது எடுத்துக்கொள்ள ஏதுவாகச் சேர்த்து வைப்பது இரண்டுக்கும் பொது. இந்த ஒற்றுமை சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

'சுருளி' என்று போட்டேன், எல்லோருக்கும் தேனிப் பக்கத்து அருவிதான் நினைவுக்கு வந்தது. 'வரிசை' என்றால் அது க்யூ, ஏற்கெனவே வேறு இடத்தில் வருகிறது. 'நூற்கண்டு' பொருளைத்தான் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. அப்படியே 'ஸ்பூலர்' என்று விட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

நேற்று ஒரு மாணவியின் பாட்டி திண்ணையில் ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் நூல் ஓட, தார்க்குச்சி (தறியின் ஊடைநூல் சுற்றும் சின்னக் குச்சி) மெல்லப் பருத்தது. அந்த மாணவிதான் கேட்டாள்: "சார், இதுவும் ஸ்பூலர்தானே?" அப்போதுதான் 'தார் சுற்றி' என்று தோன்றியது. ஆனால் தறி தெரியாதவர்களுக்குத் தார் என்றால் சாலைத் தார்தானே?

வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. உங்கள் ஊர்த் தறிகளில் நூல் சுற்றும் ஆளுக்கோ கருவிக்கோ, இரண்டு இடத்துக்கும் பொருந்துகிற மாதிரி என்ன சொல் வழங்குகிறது?